தொங்கானும் கிட்டங்கியும்

சிங்கப்பூர் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கவனா பாலம் நிற்கிறது. கிளாஸ்கோவில் வார்த்துக் கொண்டுவந்து பூட்டிய இரும்புப் பாலம். வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. அதன் தலைமாட்டில் பழைய அறிவிப்புப் பலகை ஒன்று இன்னும் தொங்குகிறது. மூன்று ஹண்டிரட்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 150 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் ஏறக்கூடாது என்பது அதன் ஆணை. மாடும் குதிரையும் போய் வெகுகாலமாகிறது. மாலை வேளைகளில் அலுவலகம் விட்டு வருபவர்களும் சுற்றுலாப் பயணிகளும் அந்தப் பலகைக்கடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாலத்தின் மேலே போனவர்களுக்கு அந்தப் பலகை தடை. கீழே போனவர்களுக்கு வேறொரு தடை இருந்தது. பாலம் தாழ்வாகக் கட்டப்பட்டுவிட்டதால், கடலில் நீரேற்றம் இருக்கும்போது சரக்குப் படகுகளுக்குத் தலை இடிக்கும். வற்றம் வரும்வரை அவை வரிசைகட்டிக் காத்திருந்தன. கப்பலில் சரக்கு காத்திருந்தது, கரையில் வியாபாரி காத்திருந்தார், நடுவில் படகுக்காரர் நிலவைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஆற்றைப் பற்றிய முதன்மையான கேள்வியே இங்கிருந்துதான் தொடங்குகிறது. மொத்த நீளம் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆழம் குறைவு, அகலம் குறைவு, வாயில் மணல்திட்டு. காவிரியையும் வைகையையும் பார்த்தவர்கள் இதை ஒரு வாய்க்கால் என்றுதான் சொல்வார்கள். ஆழ்கடல் கப்பல் எதுவும் உள்ளே நுழைய முடியாது. அப்படிப்பட்ட நீர்க்கோடு ஒன்றின் தென்கரையில், போட் கீ என்ற அரைவட்ட வளைவில், 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு நடந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். எப்படி? அதைவிடக் கடினமான கேள்வி, நீராவிக் கப்பலும் ஆழ்துறையும் வந்த பிறகும் அந்தக் கரை இன்னும் நூறாண்டுக்கு மேல் ஏன் சாகவில்லை என்பது.

வழக்கமான வரலாறு 1819 ஜனவரியில் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் கரையிறங்கிய காட்சியோடு தொடங்கும். மண்ணுக்குள் இருப்பது வேறு கதை. பதினான்காம் நூற்றாண்டில் இங்கே தெமாசெக் என்ற துறைமுகம் இருந்தது. ஜான் மிக்சிக் தலைமையில் 1984 முதல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நடந்த அகழாய்வுகளும், 2015இல் ஆற்றின் வடகரையில் எம்ப்ரஸ் பிளேஸ் பகுதியில் நடந்த அகழாய்வும் சீனப் பீங்கான் ஓடுகளையும் மட்பாண்டங்களையும் காசுகளையும் டன் கணக்கில் வெளிக்கொணர்ந்தன. ஆற்றின் வாயில் ஒரு காலத்தில் பெரிய மணற்பாறை ஒன்றும் நின்றது. அதில் ஐம்பது வரிகளுக்குக் குறையாத கல்வெட்டு. கோட்டையை விரிவாக்குவதற்காக 1843இல் ஆங்கிலப் பொறியாளர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்து இன்றுவரை முழுமையாகப் படிக்கப்படவில்லை. அதில் தெரியும் சில எழுத்துகளை ‘கேசரிவ’ என்று படிக்கலாம், அது ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழ விருதுப் பெயரின் பகுதியாக இருக்கலாம் என்று இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் 2019இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இது ஊகம்தான், நிறுவப்பட்டதன்று. கல் முழுதாக இருந்திருந்தால் ஊகத்துக்கே வேலை இருந்திருக்காது. ஒரு நகரத்தின் முதல் ஆவணத்தை அந்த நகரத்தைக் கட்ட வந்தவர்களே உடைத்தார்கள் என்பது, எத்தனை முறை எழுதினாலும் மனம் ஆறாத செய்தி.

ஆங்கிலேயர் வந்த முதல் மூன்றாண்டுகளில் ஊரை நடத்தியவர் வில்லியம் ஃபார்குவார். வணிகர்கள் வடகரையில், மேடான நிலத்தில் கிடங்குகளைக் கட்டிக்கொள்ள அவர் விட்டுவிட்டார். 1822 அக்டோபரில் திரும்பி வந்த ராஃபிள்ஸுக்கு அது பிடிக்கவில்லை. வடகரை அரசாங்கத்துக்கு, தென்கரை வணிகத்துக்கு என்று பிரித்தார். தென்கரையோ வெள்ளம் ஏறும் சதுப்பு. அருகிலிருந்த சிறு குன்றொன்றை வெட்டி அந்த மண்ணைக் கொண்டு சதுப்பைத் தூர்த்தார்கள். குன்று இருந்த இடம் கமர்ஷியல் ஸ்குவேர் ஆயிற்று. 1858இல் ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாறியது. தூர்த்த இடம் போட் கீ ஆயிற்று. சீன வணிகர்கள் அந்த வளைவைக் கெண்டைமீனின் வயிறு என்றார்கள். செல்வம் தங்கும் இடம் அது என்பது அவர்கள் நம்பிக்கை.

மண் வெட்டிய காட்சியை நேரில் பார்த்து எழுதியவர் முன்ஷி அப்துல்லா. சீனரும் மலாய்க்காரரும் தென்னிந்தியருமாக இருநூறு முந்நூறு பேர், நாளுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் கூலியில் வேலை செய்ததை ‘ஹிகாயத் அப்துல்லா’வில் பதிவு செய்திருக்கிறார். நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படும் இந்த அப்துல்லாவின் குடும்பக் கதை நாகூர் வழியாக வருகிறது. ஏமனிலிருந்து வந்த அவருடைய முன்னோர் ஒருவர் நாகூரில் தங்கி அங்கேயே மணம் முடித்தவர். மலாக்காவில் சிறுவனாக இருந்தபோது அப்துல்லாவைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு எழுதவும் வியாபாரம் பேசவும் தமிழ் கற்பது அந்த ஊர் வழக்கம் என்று அவரே காரணம் சொல்கிறார். மலாய் மொழியில் கப்பல் ‘காப்பால்’, கடை ‘கெடாய்’, பெட்டி ‘பெத்தி’, முதல் ‘மோடால்’. ஏற்றி, இறக்கி, வைத்து, விற்று, முதலீடு செய்வதற்கான சொற்கள் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இந்தக் கடல்களில் புழங்கின. போட் கீ அந்தப் பழைய புழக்கத்தின் மேல்தான் எழுந்தது.

சுங்கம் இல்லாத துறைமுகம் என்ற ஒரே கொள்கையால் சிங்கப்பூர் வளர்ந்தது என்று ஒரு தரப்பு சொல்லும். மலாக்கா நீரிணையின் முனையில், இரண்டு பருவக்காற்றுகள் சந்திக்கும் இடத்தில் அமைந்ததே காரணம் என்று இன்னொரு தரப்பு. சீனக் குடியேறிகளின் உழைப்பும் குல உறவு வலைகளுமே காரணம் என்று மூன்றாவது தரப்பு. மூன்றும் உண்மை. சுங்கம் இல்லாததால் கப்பல்கள் வந்தன, காற்றால் வந்தன, ஆளிருந்ததால் வந்தன. வந்த சரக்கு கைமாறுவதற்கு மட்டும் நான்காவதாக ஒன்று வேண்டியிருந்தது: கடன்.

1824 ஜனவரியில் எடுத்த முதல் கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 10,683. இவ்வளவு சிறிய ஊரில் வங்கி கிடையாது. லண்டனிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ வரும் பருத்தித் துணி, இரும்புச் சாமான், அபினி எல்லாம் ஐரோப்பியத் தரகு நிறுவனங்களின் கைக்கு வரும். அவர்களுக்கு மலாய்த் தீவுகளின் மொழியும் தெரியாது, ஆளும் தெரியாது. மலாக்காவிலிருந்து வந்த பாபா சீனர்களுக்கு இரண்டும் தெரியும். ஆகவே சரக்கு ரொக்கம் இல்லாமல், சில மாதத் தவணையில், பெரும்பாலும் ஒரு கடன்சீட்டின் பேரில் பாபா வணிகரிடம் போகும். அவர் அதைப் பருவக்காற்றில் வரும் புகிஸ் மாலுமிகளிடம் பண்டமாற்றுச் செய்வார். அவர்கள் செலிபிஸிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் கொண்டுவந்த ஆமையோடு, பறவைக்கூடு, கடலட்டை, மிளகு, பிரம்பு எல்லாம் திரும்பி வந்து தரகு நிறுவனத்தின் கடனைத் தீர்க்கும். 1840களில் கட்டா-பெர்ச்சா என்ற மரப்பால் சேர்ந்தது; உலகின் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போனது அதுதான். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கரை முழுவதும் ஆடும். ஆடியதும் உண்டு, பல பேர் நொடித்ததும் உண்டு.

ஆற்றின் வாயிலேயே கிடங்கு வைத்திருந்த அலெக்ஸாண்டர் லாரி ஜான்ஸ்டனின் இடத்துக்கு ஊரார் ‘தஞ்சோங் தங்காப்’ என்று பெயர் வைத்தார்கள். பிடிக்கும் முனை என்று பொருள். கரையேறும் கப்பல் தலைவர்களை மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்பே அவர் தன் இடத்துக்கு அழைத்துக்கொள்வாராம். அவருக்கு அடுத்து வளைவில் வரிசையாக நின்றவை சீனக் கடைவீடுகள். 1857இல் நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர 13,000 டாலர் கொடுத்த டான் கிம் செங், கப்பல்களுக்குச் சாமான் வழங்கிய வாம்போவா என்கிற ஹூ ஆ கே ஆகியோர் இந்தக் கரையில் வளர்ந்தவர்கள்.

தமிழர்களில் முதலில் பெயர் தெரிய வருபவர் நாராயண பிள்ளை. 1819 மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு கப்பலில் வந்தவர். ஊரில் வீடு கட்டச் செங்கல் இல்லை என்று கண்டு சூளை போட்டார். பிறகு துணிக்கடை வைத்தார். 1822இல் கடை எரிந்தது. சரக்கெல்லாம் கடனில் வாங்கியது. கடன் கொடுத்தவர்கள் தவணை நீட்டித்ததாலும் ராஃபிள்ஸிடம் கிடைத்த நிலத்தாலும் மீண்டு எழுந்தார். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் அவர் எழுப்பிய மாரியம்மன் கோவில்தான் சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவில். அதே சாலையில் சில எட்டு தள்ளி, சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல், தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. மூன்றும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் எழுந்தவை. அன்று தெலுக் ஆயர் தெரு கடலோரம்; பிறகு கடலைத் தூர்த்துவிட்டார்கள்.

இனிப் படகுகள். பெரிய கப்பல் வெளித்துறையில் நங்கூரமிட்டு நிற்கும். அதிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவர அடிப்பாகம் தட்டையான தொங்கான்கள் வேண்டும். ஆரம்பப் பத்தாண்டுகளில் இந்தத் தொழில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களின் கையில் இருந்தது. 1822இன் நகரத் திட்டத்திலேயே ஆற்றின் மேற்புறத்தில் ‘சூலியா கம்போங்’ என்று ஓரிடம் ஒதுக்கப்பட்டது. இன்று சிங்கப்பூரில் தமிழர் பகுதி என்றால் லிட்டில் இந்தியாதான் நினைவுக்கு வரும். அது பின்னால் மாட்டுப்பட்டிகளோடும் சுண்ணாம்புச் சூளைகளோடும் வளர்ந்த இடம். தமிழன் முதலில் கால் ஊன்றியது இந்தச் சேற்றுக் கரையில், கையில் துடுப்போடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படகுத் தொழில் சீனர் கைக்கு மாறியது. கரையில் சரக்கு வாங்கும் வணிகர்கள் ஹொக்கியன்களும் தியோச்சூக்களும். அவர்கள் தங்கள் ஊர்க்காரர்களுக்கே வேலை கொடுத்தார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதி ஹொக்கியன்களிடமும், மேல்பகுதி தியோச்சூக்களிடமும் இருந்தது. ‘துவாக்கோ’ என்ற பெரிய படகுகள் வந்தன. முகப்பில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருப்பார்கள். படகு வழி பார்த்துப் போகுமாம். ஆற்றின் பாலம் ஒன்றை மாற்றிக் கட்டியதே இந்தப் படகுகளின் உயரத்தைப் பொறுத்துத்தான். டான் கிம் செங் பெயரிலிருந்த தாழ்ந்த பாலத்தை எடுத்துவிட்டு 1889இல் ரீட் பாலம் கட்டியதற்குக் காரணம் அதுவே. அந்தப் பாலத்தின் மேல் மாலையில் தியோச்சூக் கதைசொல்லிகள் உட்காருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள் சுற்றிலும் குந்தியிருப்பார்கள். ஊதுபத்தி எரியும் நேரமே கதையின் அளவு. பத்தி அணையும்போது காசு கேட்பார்கள்.

கடைவீட்டின் அமைப்பைப் பார்த்தால் தொழிலின் ஒழுங்கு புரியும். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம். ராஃபிள்ஸின் விதிப்படி முன்னால் நிழல் தரும் ‘ஐந்தடி’ நடை. படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை. மூட்டையைத் தோளில் ஏற்றி அந்தப் பலகைமேல் நடந்து வரும் ஒவ்வொரு கூலியின் கையிலும் ஒரு மூங்கில் குச்சி கொடுப்பார்கள். சாயங்காலம் குச்சியை எண்ணித்தான் கூலி. கீழ்த்தளம் கிடங்கு. அங்கேயே அரிசியைத் தரம் பிரிப்பார்கள், மிளகை உலர்த்துவார்கள், இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் தாளை அடுக்குவார்கள். மேல்தளத்தில் முதலாளியின் கணக்கறை, அதற்குப் பின்னால் ஆட்கள் படுக்கும் இடம். சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் தன் சரக்கு இறங்குவது முதலாளிக்குத் தெரியும்.

1852இல் மேற்கே ஆழ்துறையில் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் நிலக்கரித் துறையை அமைத்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பல்கள் நேராகத் துறையில் அணைய ஆரம்பித்த பிறகு ஆற்றங்கரை வாடிப்போகும் என்று அன்றே பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. நீராவியால் சரக்கு பெருகியது. பெருகிய சரக்கில் கணிசமான பங்கு சின்னச் சின்னப் பொதிகளாக வந்தது. ஜொகூர் தோட்டக்காரரின் பத்து மூட்டை மிளகு, சுமத்ராச் சிறு விவசாயியின் ரப்பர், சரவாக்கின் ஜவ்வரிசி. இவற்றைச் சேர்த்து, தரம் பிரித்து, ஒரே வகையாக்கி, பெரிய சரக்காக ஏற்றுபவர் ஒருவர் வேண்டும். அவருக்கு முன்பணம் கொடுப்பவரும் வேண்டும். அந்தப் பேரத்தை ஆழ்துறையின் சிமெண்ட் மேடையில் நடத்த முடியாது. முகம் தெரிந்த கடையில்தான் நடத்த முடியும். ஆற்றங்கரை பிழைத்தது இதனால்.

முன்பணம் என்ற சொல் மார்க்கெட் தெருவுக்குக் கூட்டிப் போகிறது. போட் கீயிலிருந்து இரண்டு நிமிட நடை. அந்தத் தெருவிலும் அருகிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. கிடங்கு என்ற சொல்லின் உறவுதான் கிட்டங்கி. ஆங்கிலத்தின் ‘கோடவுன்’, மலாயின் ‘குடாங்’ இரண்டுக்கும் தமிழ், தெலுங்கு மூலத்தைத்தான் பெரும்பாலான அகராதிகள் காட்டுகின்றன. சரக்கு வைக்கும் கிடங்காக இருந்த சொல், பணம் வைக்கும் இடத்துக்குப் பெயரானது.

கிட்டங்கிக்குள் நாற்காலி மேசை கிடையாது. நீண்ட கூடம். இருபக்கமும் வரிசையாகப் பெட்டியடிகள்: ஒரு பாய், சாய்வான மரப் பெட்டி, பின்னால் ஓர் அலமாரி. அந்தச் சதுரம் ஒரு முழு வட்டிக்கடை. ஒரே கூரையின் கீழ் பல கடைகள், ஒவ்வொன்றுக்கும் தனி விலாசம், தனி முதலாளி. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். சிங்கப்பூரில் இருப்பவர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். ‘கொண்டுவிக்கப் போனவர்’ என்று ஊரில் சொல்வார்கள். குடும்பம் உடன் வராது. பகலில் கடன் கேட்டு வருபவரிடம் பேசிய அதே பாயில் இரவில் படுத்துக்கொள்வார்கள். பொதுச் சமையல், பொதுச் சாப்பாடு. குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று கணக்குகள் தமிழில் எழுதப்பட்டு ஊருக்குப் போகும். பணம் உண்டியலாகப் போகும். லாபத்தில் ஒரு பங்கு மகமையாக முருகனுக்குப் போகும். அந்த மகமையில் வளர்ந்தது டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில். 1859இல் முதல் குடமுழுக்கு.

இவர்களிடம் கடன் வாங்கியவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். சொல்லப்போனால் தமிழர்கள் சிறுபான்மை. சீனக் கடைக்காரர், மலாய் நிலக்காரர், ஈயச் சுரங்கக்காரர், ரப்பர் தோட்டக்காரர், ஐரோப்பிய அரசாங்க ஊழியர் என்று எல்லோரும் அந்தக் கூடத்தின் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சார்ட்டர்ட் வங்கி 1859இலும், ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1877இலும் சிங்கப்பூருக்கு வந்துவிட்டன. ஆனால் வங்கி பார்ப்பது அடமானப் பத்திரத்தை. செட்டியார் ஆளைப் பார்த்தார்: கடை எங்கே, சரக்கு எப்போது வரும், போன தவணை எப்படிக் கட்டினார். வங்கியில் குறைந்த வட்டிக்கு வாங்கி, வங்கி எட்டிப் பார்க்காத இடத்தில் கூடுதல் வட்டிக்குக் கொடுத்தார். செட்டியார் வட்டியின் கொடுமை பற்றிக் காலனிய அதிகாரிகளும் மலாய்த் தலைவர்களும் எழுதியவை ஏராளம். 1930களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் ரப்பர் தோட்டங்கள் செட்டியார்கள் கைக்கு வந்ததும், நிலம் இழந்தவர்களின் கசப்பும் மறைக்க வேண்டியவை அல்ல. அதே வேளையில், ஏட்டில் இல்லாத ஒரு மனிதனுக்குக் கடன் கொடுக்க அந்த நகரத்தில் வேறு கதவு இல்லை என்பதும் வரலாறுதான். இரண்டையும் சேர்த்து எழுதிய தமிழ் நூல்கள் மிகக் குறைவு. மேடானிலும் பினாங்கிலும் இதே உலகத்தை உள்ளிருந்து பார்த்து நாவலாக்கிய ப. சிங்காரத்தைப் போல ஓர் எழுத்தாளர் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவுக்குக் கிடைக்காமல் போனது பெரிய இழப்பு.

இரண்டாம் உலகப் போர், ஜப்பானிய ஆட்சி, போருக்குப் பின் வந்த குடியேற்றக் கட்டுப்பாடு, வட்டித் தொழில் சட்டங்கள் எல்லாம் சேர்ந்து கிட்டங்கிகளை மெல்லத் தளர்த்தின. படகுகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. துடுப்பு போய் மோட்டார் வந்தது.

ஆறு அழுகிக்கொண்டிருந்தது. மேலே பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகள். கரையில் உணவுக் கடைகளின் எச்சில், படகுகளின் எண்ணெய், பட்டறைகளின் கழிவு. வற்றத்தின்போது கறுப்புச் சேறு வெளியே தெரியும். அருகில் வேலை பார்த்த எவருக்கும் அந்த வாடை மறக்காது. 1977 பிப்ரவரியில் ஒரு நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்தார்: சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க வேண்டும். இரண்டு ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி நாட்டின் நிலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. சுமார் 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறக்குறைய 5,000 தெருவோர வியாபாரிகள் உணவு நிலையங்களுக்குப் போனார்கள். இழப்பீடு நீங்கலாகவே சுமார் 17 கோடி சிங்கப்பூர் டாலர் செலவு. 1987இல் கெடு முடிந்தபோது மீன் இருந்தது. முன்னின்று நடத்திய லீ எக் தியெங் உள்ளிட்ட பத்துப் பேருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்.

1983 செப்டம்பரில் எண்ணூறுக்கு மேற்பட்ட சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங் கடற்பகுதிக்கு அனுப்பப்பட்டன. தூய்மைத் திட்டமே படகுகளைக் கொன்றது என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அது முழு உண்மையன்று. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, 1972 ஜூன் 23 அன்று, ‘நிஹோன்’ என்ற கப்பல் 300 கொள்கலன்களோடு தஞ்சோங் பகாரில் அணைந்தபோதே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. கொள்கலன் ஒரு பெரிய இரும்புப் பெட்டிதான். ஆனால் அது புறப்பட்ட இடத்தில் பூட்டினால் சேரும் இடத்தில்தான் திறக்கும். நடுவழியில் பிரிக்க, உலர்த்த, தரம் பார்க்க, கை மாற்ற இடமில்லை. ஆழ்துறையாலும் சூயஸாலும் முடியாததை அந்தப் பூட்டு செய்தது. நீராவி சரக்கைப் பெருக்கியது. கொள்கலன் பொதி பிரிக்கும் வேலையையே இல்லாமல் செய்தது. போட் கீயின் முழு வாழ்வும் பொதி பிரிப்பதில் இருந்தது.

ஆக ஆற்றைச் சுத்தம் செய்தது சரி. அழுகிய தண்ணீரைப் பழமை என்று போற்ற முடியாது, அந்தத் தண்ணீரின் ஓரத்தில் பிள்ளை பெற்று வளர்த்தவர்களுக்குக் குழாய்நீர் வந்தது பெரிய நன்மை. குறை வேறிடத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆற்றின் நீரேற்றத்தையும் பாலங்களின் உயரத்தையும் மனத்தில் வைத்திருந்த மனிதர்களை, அவர்களுக்குத் தெரிந்ததை எழுதி வாங்கிக்கொள்ளாமல் அனுப்பிவிட்டார்கள். ஆறு அமைதியான நீர், பாசிர் பாஞ்சாங் அலை வீசும் கடல். ஆற்றுக்கென்று கட்டிய படகுகள் அங்கே தாக்குப்பிடிக்கவில்லை என்று படகுக்காரர்கள் முறையிட்டார்கள். சில ஆண்டுகளில் தொழிலே கரைந்தது. ஆற்றின் சமூக வரலாற்றை ஆராய்ந்து ஸ்டீபன் டாப்ஸ் 2003இல் நூல் வெளியிட்டார். வாய்மொழிப் பதிவுகளைத் தேடி அவர் சேர்த்த அந்த மனிதர்களின் சொற்கள்தான் இன்று இருக்கும் முக்கியமான சான்று.

கட்டடங்களின் கதை அடுத்தது. 1989 ஜூலையில் போட் கீ பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஓடு மாற்றி, சுவர் பூசி, வண்ணம் தீட்டிக் கடைவீடுகள் நிற்கின்றன. உள்ளே உணவகங்களும் மதுக்கூடங்களும். கிளார்க் கீயின் பழைய கிடங்குகள் 1993இல் பொழுதுபோக்குப் பகுதியாகத் திறந்தன. முகத்துவாரத்தில் 1928இல் தபால் நிலையமாக எழுந்த ஃபுல்லர்டன் கட்டடம் 2001 முதல் ஹோட்டல். 2008இல் மரினா அணை வந்தபின் ஆற்றுக்கும் கடலுக்கும் இருந்த ஏற்ற வற்ற உறவும் முடிந்தது. இன்று அது நன்னீர்த் தேக்கத்தின் ஒரு கை. கவனா பாலத்தின் அடியில் இனி யாரும் வற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பணம் மட்டும் இடம் பெயரவில்லை. 1935இல் போட் கீ ஓரத்துக் கட்டடமொன்றில் யுனைடெட் சைனீஸ் பேங்க் என்று தொடங்கிய வங்கி, யூஓபி என்ற பெயரில் அங்கேயே 280 மீட்டர் கோபுரமாக நிற்கிறது. இன்னொரு பெரிய வங்கியான ஓசிபிசியின் தலைமையக முகவரி சூலியா தெரு. அந்தத் தெருவுக்கு முன்பு இருந்த பெயர் ‘கிளிங்’ தெரு. இந்தியர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாக அது மாறிவிட்டது என்று இங்கிருந்த இந்தியர்கள் எதிர்த்ததால் 1920களின் தொடக்கத்தில் சூலியா தெரு ஆயிற்று. தோணி ஓட்டிய தமிழ் முஸ்லிம்களின் பெயர் இப்படியாக ஒரு சீன வங்கியின் கடிதத் தலைப்பில் தினமும் அச்சாகிறது.

கிட்டங்கிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே, எழுபதுகளில், வணிக மையத்தை விரிவாக்க மார்க்கெட் தெருவின் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1984இல் அங்கே எழுந்தது கோல்டன் ஷூ கார் நிறுத்தக் கட்டடம். அதையும் 2017இல் மூடி இடித்துவிட்டு, 51 மாடிக் கோபுரம் ஒன்று கட்டினார்கள். ஒரே ஒரு கிட்டங்கியையாவது பாயும் பெட்டியும் அலமாரியுமாக வைத்திருந்தால், ஆற்றங்கரையின் சரக்கு எந்தப் பணத்தில் நகர்ந்தது என்று பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். கடைவீட்டின் முகப்பைக் காக்க முடிந்த நகரத்துக்கு அது இயலாத காரியமாக இருந்திருக்காது. பதினைந்து ஆண்டு இடைவெளியில் ஒன்று பிழைத்தது, ஒன்று போயிற்று.

ஆற்றோரத்தில் இப்போது வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. தண்ணீரில் குதிக்கும் சிறுவர்களைச் சோங் ஃபா சியோங் வடித்தார்; கரையோரச் சிறுவர்கள் உண்மையில் அப்படிக் குதித்து நீந்திய இடம் அது. ஜான்ஸ்டனும் சீன வணிகரும் மலாய்த் தலைவரும் பேரம் பேச, அருகே கூலிகள் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும் காட்சி இன்னொன்று. ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தின் பக்கம், செட்டியாரிலிருந்து இன்றைய நிதித்துறைக்காரர் வரை வந்த பாதையைக் காட்டும் சிற்பம். தைப்பூசத்துக்கு முந்தின நாள், செட்டிப்பூசத்தன்று, டேங்க் ரோடு முருகன் வெள்ளி ரதத்தில் புறப்பட்டுக் கியோங் சைக் சாலையில் இருக்கும் லயன் சித்தி விநாயகரைப் பார்க்கப் போகிறார். அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே மாலையில் ரதம் திரும்பும்போது, கைப்பையோடு ரயிலுக்கு விரையும் ஊழியர்கள் நடைபாதையில் ஒதுங்கி நின்று வழிவிடுகிறார்கள்.